தகுதி இருந்தும் பின்வாங்கும் மனம்: ஹிப்னோதெரபி உண்மையில் என்ன செய்யும்?

இரவுவாசகி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்தேன். இப்போது கேட்கத் தோன்றியது.

செய்கிற வேலையில் என்னைக் குறை சொல்ல யாருமில்லை. ஆனால் அடுத்த நிலைக்குப் போகும் வாய்ப்பு வந்தால் ஏதாவது காரணம் சொல்லி ஒதுங்கிவிடுகிறேன். "இப்போது நேரமில்லை", "இன்னும் கொஞ்சம் கற்றுக்கொண்டு பார்க்கலாம்", "அவர் என்னைவிடப் பொருத்தமானவர்." சொல்லும்போது அந்தக் காரணம் எனக்கே நியாயமாகத்தான் படுகிறது. என்னைவிட அனுபவம் குறைந்த ஒருவர் பிறகு அந்த இடத்தில் நன்றாகவே வேலை செய்வதைப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது.

தனியாக உட்கார்ந்து யோசித்ததில் எல்லாக் காரணங்களுக்கும் அடியில் ஒரே நினைப்புதான் இருக்கிறது: "நாலு பேர் முன்னால் நின்றால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது வெளிப்பட்டுவிடும்." இது எப்போது உள்ளே வந்தது என்று தெரியவில்லை. படிக்கிற காலத்தில் எல்லோர் முன்னாலும் அவமானப்பட்ட ஒரு நாள் நினைவிருக்கிறது. காரணம் அதுதானா, வேறா, சொல்ல முடியவில்லை.

இணையத்தில் தேடினால் "ஆழ்மனதை மாற்றி எழுதுகிறோம்", "உங்கள் வாழ்க்கையின் 95 சதவீதத்தை ஆழ்மனம்தான் நடத்துகிறது", "மூன்றே அமர்வில் விடுதலை" என்றெல்லாம் வருகிறது. இதில் எவ்வளவு உண்மை? ஹிப்னோதெரபி, அதாவது ஹிப்னாடிசத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை, எடுத்தவர்கள் இருந்தால் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அந்த 95 சதவீதத்தை விட்டுவிடுங்கள். வாழ்க்கையை அப்படிப் பங்கு பிரித்து அளக்க எந்த அளவுகோலும் கிடையாது. நாம் செய்வதில் நிறைய, யோசிக்காமலே நடக்கிறது என்பது உண்மை. அதற்கு ஒரு சதவீதத்தை ஒட்டி விற்பது வேறு விஷயம்.

இந்தத் துறையில் திரும்பத் திரும்ப வரும் இன்னொரு கதை, நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய ரோஜர் பானிஸ்டர் கதை. "மனித உடலால் முடியாது என்று உலகமே நம்பியது, 1954 மே 6 அன்று அவர் 3 நிமிடம் 59.4 நொடியில் ஓடினார், நம்பிக்கை உடைந்ததும் எல்லோரும் ஓடத் தொடங்கினார்கள்" என்பார்கள். நடந்தது அவ்வளவு எளிதல்ல. ஸ்வீடனின் குண்டர் ஹாக் 1945லேயே 4 நிமிடம் 1.4 நொடிக்கு வந்துவிட்டார். ஆஸ்திரேலியாவின் ஜான் லாண்டி பானிஸ்டருக்கு முன்பே பல முறை 4 நிமிடம் 2 நொடி அளவில் ஓடி முட்டிக்கொண்டிருந்தார். பானிஸ்டருக்கு 46 நாள் கழித்து அவர் அந்தச் சாதனையையும் முறியடித்தார். பயிற்சியால் எல்லைக்கு மிக அருகில் வந்துவிட்டவர்களுக்குத்தான் அந்தச் செய்தி உதவியிருக்க முடியும். நம்பிக்கை மட்டும் யாரையும் ஓட வைக்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இரவுவாசகி ஏற்கெனவே எல்லைக்கு அருகில் இருப்பவர். தகுதி இருக்கிறது, கால்தான் நகர மறுக்கிறது. அவருக்கு ஏதாவது ஒரு வழி வேலை செய்யும் என்றே நினைக்கிறேன். அது ஹிப்னாடிசமா என்பதைத் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கரைமணல் எழுதியது:

நான் உளவியல் ஆலோசகர். பேச்சு சிகிச்சையோடு சேர்த்து ஹிப்னாடிசத்தையும் பயன்படுத்துகிறேன். கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆழ்மனம் என்றதும் எங்கோ ஆழத்தில் பூட்டி வைத்த அறை என்று நினைக்கிறோம். சிகிச்சை அறையில் நான் பார்ப்பது அப்படி இல்லை. இந்த நம்பிக்கைகள் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் மனச்சோர்வு கொண்டவர்களிடம் கவனித்தது இதைத்தான். ஒரு சூழல் வந்ததும் கண நேரத்தில் ஓர் எண்ணம் பாய்ந்து போகிறது. அந்த எண்ணத்தை நாம் கவனிப்பதில்லை, அது விட்டுப்போன பயத்தை மட்டுமே உணர்கிறோம். அந்த எண்ணங்களைத் தொடர்ந்து பிடித்தால், "நான் போதாதவள்", "என்னை ஒதுக்கிவிடுவார்கள்" என்பது போன்ற ஓர் அடிப்படை நம்பிக்கையில் போய் நிற்கும். இரவுவாசகி அதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார். பலர் அங்கே வரவே வெகு நாளாகும்.

அப்படியானால், பொய் என்று தெரிந்தும் அந்த நம்பிக்கை ஏன் போவதில்லை? ஒதுங்கும் ஒவ்வொரு முறையும் பயம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதிதான் நம்பிக்கைக்குக் கிடைக்கும் கூலி. "ஒதுங்கியதால்தான் தப்பித்தேன்" என்று உடம்பு கற்றுக்கொள்கிறது. நாலு பேர் முன்னால் நின்றால் உண்மையில் என்ன நடக்கும் என்ற தகவல் உள்ளே வருவதே இல்லை. அவ்வப்போது நின்றாலும், குரல் நடுங்கியது மட்டும் நினைவில் நிற்கும், கேட்டவர்கள் தலையசைத்தது நிற்காது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1948ல் எழுதியதைப் போல, தவறான ஒரு கணிப்பே அதை உண்மையாக்கும் நடத்தையைக் கொண்டுவந்துவிடுகிறது. தயங்கித் தயங்கி அனுபவம் கிடைக்காமலே போய், கடைசியில் "எனக்கு அனுபவம் இல்லை" என்பது மெய்யாகவே ஆகிவிடுகிறது.

என் தொழிலில் என்னை மிகவும் பாதித்த ஆராய்ச்சி ஒன்று உண்டு. உளவியலாளர்கள் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் 1967ல், தப்பிக்க வழியில்லாமல் மின் அதிர்ச்சி பெற்ற நாய்கள், பிறகு தப்பிக்க வழி இருந்தும் முயலாமல் படுத்துவிட்டதைக் காட்டினார்கள். உதவியற்ற நிலையை அவை கற்றுக்கொண்டன என்று அப்போது விளக்கினார்கள். 2016ல் அதே இருவர், மூளை ஆய்வுகளை வைத்துத் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தின் முன் முடங்குவது உடம்பின் இயல்பான எதிர்வினை, "இது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது" என்பதுதான் அனுபவத்தில் கற்கப்படுவது என்றார்கள். இதை என்னிடம் வருபவர்களுக்குச் சொல்லும்போது பலருக்கு முகமே மாறுகிறது. தங்களிடம் ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்து வந்தவர்கள் அவர்கள். கற்க வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது, அவ்வளவுதான்.

ஹிப்னாடிசம் எங்கே வருகிறது என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

மழைத்துளி எழுதியது:

கரைமணல் சார், அதற்கு முன்னாடி ஒரு சந்தேகம். மேடையில ஹிப்னாடிசம் பண்றவங்களைப் பார்த்திருக்கேன். சொன்னதையெல்லாம் செய்யறாங்க. அந்த மாதிரி நம்ம கட்டுப்பாடே போயிடுமா? நமக்கே தெரியாம எதையாவது உள்ளே போட்டுட்டா? இந்தப் பயத்தாலேயே நான் போகாம இருக்கேன்.

கரைமணல் எழுதியது:

இந்தப் பயம் நியாயமானது, மழைத்துளி. இதற்குப் பதில் ஹிப்னாடிசத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டு மருத்துவர் ஃபிரான்ஸ் மெஸ்மர் தன் உடலிலிருந்து காந்த சக்தி பாய்ந்து நோயைக் குணமாக்குகிறது என்றார். 1784ல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு அதைச் சோதித்தது. பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேவும் அதில் இருந்தார்கள். காந்தம் பாய்ச்சப்படுவதாக நம்பியவர்களுக்கு, எதுவும் செய்யாதபோதும் வலிப்பும் நடுக்கமும் வந்தன. தெரியாமல் பாய்ச்சியபோது ஒன்றும் நடக்கவில்லை. மெஸ்மரின் சக்தி என்று ஒன்றில்லை, வேலை செய்தது வந்தவர்களின் கற்பனையே என்று குழு முடிவு சொன்னது. மெஸ்மருக்கு அது அடி. எனக்கோ அந்த அறிக்கையில்தான் இந்தச் சிகிச்சையின் தொடக்கம் தெரிகிறது. சக்தி வந்தவரிடம் இருக்கிறது என்பதை அவர்கள் சோதித்தே காட்டிவிட்டார்கள். பிறகு 1840களில் ஜேம்ஸ் பிரெய்டு என்ற அறுவை மருத்துவர் காந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டு, ஒன்றின் மேல் குவிந்த கவனமே இதன் அடிப்படை என்று எழுதினார்.

இன்றைய வரையறையும் அதை ஒட்டியதுதான். அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஹிப்னாடிசப் பிரிவு 2014ல் சொன்னது சுருக்கமாக இது: கவனம் ஒருமுகப்பட்டு, சுற்றியுள்ளவற்றின் உணர்வு குறைந்து, சஜஷனுக்கு, அதாவது சிகிச்சையாளர் மனதில் படும்படி சொல்லும் யோசனைக்கு, பதிலளிக்கும் திறன் கூடிய நிலை. இது தூக்கம் இல்லை. பேசுவது கேட்கும், பிடிக்கவில்லை என்றால் கண்ணைத் திறந்து எழுந்துவிடலாம். மேடையில் நடப்பதற்கு முன் ஒரு தேர்வு நடக்கிறது. எளிதில் பதிலளிப்பவர்களையும் மேடை ஏற விரும்பியவர்களையும் மட்டும் வைத்துக்கொள்வார்கள். கூட்டத்தின் எதிர்பார்ப்பு மிச்சத்தைச் செய்யும்.

எல்லோருக்கும் ஒரே அளவில் வேலை செய்யாது என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் 1959ல் உருவாக்கிய அளவுகோல் ஒன்று இருக்கிறது. "உங்கள் கை கனமாகி இறங்குகிறது" போன்ற 12 சோதனைகள் கொண்டது. சிலர் கிட்டத்தட்ட எல்லாவற்றுக்கும் பதிலளிப்பார்கள், சிலர் எதற்கும் மாட்டார்கள், பெரும்பாலோர் நடுவில். முன்பு சோதித்த 50 பேரை 25 வருடம் கழித்து மறுபடி சோதித்து 1989ல் வெளியிட்டார்கள். ஒருவரின் அளவு பெரிதாக மாறியிருக்கவில்லை. சிகிச்சையாளரின் வலிமையைவிட உங்கள் இயல்பான திறனே இதில் முக்கியம். "யாரையும் ஹிப்னடைஸ் செய்வேன்" என்று ஒருவர் விளம்பரம் செய்தால் அவர் இந்த அடிப்படையையே கவனிக்கவில்லை.

இது நடிப்புதானோ என்ற கேள்வியும் உண்டு. 1997ல் பியர் ரெய்ன்வில் குழுவினர் மூளைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். கை சுடுநீரில் இருக்கும்போது, வலியின் வேதனை கூடுகிறது அல்லது குறைகிறது என்று சஜஷன் கொடுத்தார்கள். வேதனையோடு தொடர்புடைய முன்புறச் சிங்குலேட் பகுதியின் செயல்பாடு அதற்கேற்ப மாறியது. வெறுமனே சொன்னதை ஒப்புவிப்பதாக இருந்தால் மூளையில் அந்த இடம் மாற வேண்டியதில்லை.

பாதைநீளம் எழுதியது:

நான் எடுத்திருக்கிறேன். எனக்கு மேடையில் பேசும் பயம். முதல் அமர்வில் ஹிப்னாடிசமே செய்யவில்லை, பேசினோம். எப்போது வரும், உடம்பில் எங்கே தொடங்கும், அந்த நேரத்தில் மனதில் ஓடும் சரியான வார்த்தை என்ன என்று துருவித் துருவிக் கேட்டார். அதையெல்லாம் என் வாயாலேயே சொல்ல வைத்து எழுதிக்கொண்டார்.

பிறகுதான் கண்ணை மூடச் சொல்லி, மூச்சைக் கவனிக்க வைத்து, ஒவ்வொரு தசையாகத் தளர்த்தினார். நேரம் போனது தெரியவில்லை. வெளியே வண்டிச் சத்தம் கேட்டது, ஆனால் அதைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை. அந்த நிலையில் மேடைக்குப் போகும் வழியைக் கற்பனையில் நடக்க வைத்தார். பயம் ஏறும் இடத்தில் நிறுத்தி, மூச்சுக்குத் திரும்பி, மறுபடி அதே இடம். பேச்சை மறந்து நிற்கும் காட்சியையும் விட்டுவைக்கவில்லை. "மறந்துவிட்டது, குறிப்பைப் பார்க்கிறீர்கள், தொடர்கிறீர்கள்" என்றார். எனக்கு மிகவும் பயன்பட்டது அந்தப் பகுதிதான். "நீ அருமையாகப் பேசுவாய்" என்று அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

பயம் மாயமாகவில்லை. ஆனால் அடுத்து ஒரு சின்னக் கூட்டத்தில் பேச ஒப்புக்கொள்ள முடிந்தது. அங்கே பேசி முடித்ததுதான் பெரிய மாற்றம். அதற்குப் பிறகு வந்த அமர்வுகளில் அந்த நிஜக் காட்சியை வைத்தே வேலை செய்தோம்.

ஆலமரம் எழுதியது:

எல்லோருக்கும் நல்ல அனுபவம் அமைவதில்லை, எச்சரிக்கையாக ஒன்று சொல்கிறேன். எனக்கு நெருங்கிய ஒருவர், எந்தக் காரியத்தையும் முடிக்க முடியவில்லை என்று ஹிப்னாடிசம் செய்யும் ஒருவரிடம் போனார். அந்தச் சிகிச்சையாளர், கடந்த காலத்துக்குப் பின்னோக்கி அழைத்துப் போகிறேன் என்று தொடங்கி, "அங்கே யார் இருக்கிறார்கள், உங்களை என்ன செய்கிறார்கள்" என்று கேட்டுக் கேட்டு, குழந்தைப் பருவத்தில் சொந்தத்தில் ஒருவர் கொடுமை செய்ததாக ஒரு நினைவைக் கொண்டுவந்துவிட்டார். அதற்கு முன் அப்படி ஒரு நினைவே கிடையாது. நடந்ததா என்று சொல்லவும் வழியில்லை. அந்தக் குடும்பம் இன்னும் ஒன்று சேரவில்லை. எதற்காகப் போனாரோ அந்தப் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

கரைமணல் எழுதியது:

ஆலமரம் அவர்களே, இதை இங்கே எழுதியதற்கு நன்றி. இரவுவாசகி, மழைத்துளி, இந்தப் பதிவைக் கவனமாகப் படியுங்கள்.

நினைவு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுகிறது. உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 1995ல் வெளியிட்ட சோதனையில், சிறு வயதில் கடைவளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவத்தை மெய்ச் சம்பவங்களோடு கலந்து சொன்னார்கள். பங்கேற்ற 24 பேரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் அதை ஓரளவாவது "நினைவுகூர்ந்தார்". அங்கே ஹிப்னாடிசமே கிடையாது. ஹிப்னாடிசத்தில் கற்பனை துலக்கமாகிறது, வந்த காட்சியின் மேல் உறுதியும் கூடுகிறது. உறுதி கூடினால் உண்மை கூடியதாக ஆகாது. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1985லேயே, ஹிப்னாடிசத்தில் வரும் நினைவுகள் சாதாரண நினைவைவிட நம்பகமானவை அல்ல என்று அறிவித்துவிட்டது.

நம்பிக்கையை மாற்ற அதன் மூலக் கதையைத் தோண்டியே ஆக வேண்டும் என்பது கட்டாயமில்லை. அது இன்று எப்படி உயிரோடு வைக்கப்படுகிறது என்பதே எனக்குத் தேவை. இரவுவாசகிக்கு நினைவிருக்கும் அந்த நாள் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரண்டிலும் அடுத்த அடி ஒன்றேதான்.

மழைத்துளி எழுதியது:

அப்போ தினமும் கண்ணாடி முன்னாடி நின்னு "நான் திறமைசாலி"ன்னு சொல்லிக்கிட்டா போதாதா? நிறைய பேர் அதைத்தான் சொல்றாங்க.

கணக்குப்பிள்ளை எழுதியது:

அதையும் சோதித்திருக்கிறார்கள். ஜோன் வுட் குழுவினர் 2009ல் "நான் அன்புக்குரியவர்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். தன்மதிப்பு ஏற்கெனவே உள்ளவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தன்மதிப்பு குறைந்தவர்களின் மனநிலை இன்னும் கீழே போனது. நம்பாத ஒன்றைச் சொல்லும்போது உள்ளே இருந்து மறுப்பு கிளம்புகிறது. யாருக்கு இது வேண்டுமோ அவர்களுக்கே எதிராகத் திரும்புகிறது என்பது வருத்தமான செய்தி.

கரைமணல் எழுதியது:

சரியாகச் சொன்னீர்கள். அதனால்தான் பாதைநீளத்தின் சிகிச்சையாளர் "அருமையாகப் பேசுவாய்" என்று சொல்லாதது எனக்குப் பிடித்தது. நல்ல சஜஷன், மனம் மறுக்க முடியாத அளவில் இருக்க வேண்டும். "குரல் நடுங்கினாலும் அடுத்த வரியைச் சொல்ல முடியும்" என்பதை யார் மறுப்பார்கள்?

ஆதாரம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். குடல் எரிச்சல் நோய்க்கு நல்ல ஆதாரம் உண்டு. பீட்டர் வார்வெல் 1984ல் கடுமையான நோயாளிகள் 30 பேரிடம் தொடங்கினார், அதன் பிறகு பல ஆய்வுகள் வந்துவிட்டன. மார்பக அறுவை சிகிச்சைக்கு முன் 15 நிமிட ஹிப்னாடிசம், 200 பெண்களிடம் செய்த 2007 ஆய்வில் வலியையும் குமட்டலையும் குறைத்தது. புகைப்பழக்கத்தில் ஆதாரம் போதவில்லை.

நீங்கள் கேட்பது நம்பிக்கைகளைப் பற்றி. அங்கே இர்விங் கிர்ஷ் குழுவினர் 1995ல் 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது முக்கியம். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றும் சிபிடி சிகிச்சையோடு ஹிப்னாடிசத்தைச் சேர்த்தபோது பலன் கூடியது. பிறகு செய்த மறு ஆய்வில் உடல் எடை தொடர்பான பகுதியில் அந்தப் பலன் சுருங்கியது, அதையும் மறைக்கக்கூடாது. ஹிப்னாடிசம் தனியாக நின்று ஒரு நம்பிக்கையைப் பிடுங்கி எறியும் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல சிகிச்சையின் கையைப் பலப்படுத்தும் என்று தயங்காமல் சொல்வேன்.

காரணமும் புரிந்துகொள்ளக் கூடியதே. "என்னால் முடியும்" என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977ல் ஆராய்ந்தார். செய்து பார்த்துக் கிடைத்த வெற்றியே மிக வலுவான ஊற்று என்றார். அடுத்தவரைப் பார்ப்பது, பிறர் சொல்வது, உடம்பின் படபடப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். ஹிப்னாடிசம் படபடப்பைக் குறைக்கிறது, ஒத்திகைக்கு உயிர் கொடுக்கிறது. செய்து பார்ப்பதை உங்களுக்காக அது செய்யாது. ஆனால் செய்து பார்க்கும் இடம் வரை உங்களைக் கொண்டுவந்து விடும். வருடக்கணக்கில் வாசலிலேயே நின்றவருக்கு அது சின்ன உதவி இல்லை.

இரவுவாசகி எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. படித்துக்கொண்டே வரும்போது ஒன்று தெளிவானது. இத்தனை காலமும் பயம் போகட்டும், பிறகு செய்யலாம் என்று காத்திருந்தேன்.

அடுத்த கூட்டத்தில் ஒரு சிறு பகுதியை நானே எடுத்துச் சொல்கிறேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டேன். ஒரு சிகிச்சையாளரையும் பார்க்கப் போகிறேன். யாரிடம் போவது, அதுவரை நானே என்ன செய்யலாம் என்று மட்டும் சொல்லுங்கள்.

பாதைநீளம் எழுதியது:

ரொம்ப மகிழ்ச்சி! கூட்டம் முடிந்ததும் வந்து சொல்லுங்கள், நாங்கள் காத்திருப்போம்.

கரைமணல் எழுதியது:

முதலில் யாரிடம் என்பது. ஹிப்னாடிசம் மட்டும் கற்றவரிடம் போகாதீர்கள். அது இல்லாமலும் உங்கள் பிரச்சினைக்குச் சிகிச்சை தரத் தகுதி உள்ள உளவியலாளர் அல்லது மனநல மருத்துவரையே தேடுங்கள். அவர் ஹிப்னாடிசத்திலும் பயிற்சி பெற்றவராக இருக்கட்டும். முதல் நாளிலேயே உத்தரவாதம் தருபவர், முழுத் தொகையையும் முன்கூட்டியே கேட்பவர், முற்பிறவிக்குக் கூட்டிப்போகிறேன் என்பவர், மருந்தை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: இல்லாத குரல் கேட்பது, நிஜத்தோடு தொடர்பு விட்டுப்போவது, உயிரை விடும் எண்ணம் போன்றவை இருந்தால் ஹிப்னாடிசத்தைத் தேடாதீர்கள், நேராக மனநல மருத்துவரிடம் போங்கள்.

அதுவரை நீங்களே செய்யக்கூடியது. தொந்தரவில்லாத நேரத்தில் உட்கார்ந்து, ஒரு புள்ளியில் பார்வையை நிறுத்தி, மூச்சு தானாக மெதுவாகும் வரை இருங்கள். கண் மூடியதும் கூட்ட அறையைக் கொண்டுவாருங்கள். எந்த நாற்காலி, எதிரே யார், உங்கள் முதல் வாக்கியம் என்ன என்பது வரை. பயம் ஏறினால் துரத்த வேண்டாம், மூச்சுக்கு வந்து மறுபடி அதே இடத்திலிருந்து தொடருங்கள். தடுமாறும் இடத்தையும் கடந்து, பேசி முடித்து உட்காரும் வரை போங்கள். வாகனம் ஓட்டும்போதோ கவனம் தேவைப்படும் வேலையின்போதோ இதைச் செய்யக்கூடாது. கூட்டத்துக்கு முந்தைய கடைசி நிமிடத்திலும் வேண்டாம், காலையிலேயே செய்துவிடுங்கள்.

கூட்டத்துக்கு முந்தின நாள் ஒரு தாளில் உங்கள் கணிப்பை எழுதுங்கள். "வெளிப்பட்டுவிடும்" என்றால் என்ன? யார், என்ன சொல்வார், எப்படிப் பார்ப்பார்? சோதிக்கக் கூடிய அளவுக்குத் துல்லியமாக எழுதுங்கள். முடிந்த அன்றே, மனம் அதைத் திருத்தி எழுதுவதற்கு முன், நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும். "நினைத்திருப்பார்கள்" என்று தொடங்கும் எதுவும் அதில் வேண்டாம். அந்தத் தாளைச் சிகிச்சையாளரிடம் எடுத்துப் போங்கள். முதல் அமர்வில் பேச அதுவே போதும்.